வாள் ஒன்று, கவசம் இரண்டு

1978-ல் அமெரிக்காவில் ஒரு விதிநூல் வெளியானது. ‘அட்வான்ஸ்டு டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ என்ற விளையாட்டுக்கான ‘பிளேயர்ஸ் ஹேண்ட்புக்’ அது. மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, பகடை உருட்டிக் கதையை நகர்த்திக்கொண்டு போகும் விளையாட்டு. அந்த நூலில் உடல்வலுவுக்கு ஓர் அட்டவணை உண்டு. மனித இனத்துப் போர்வீரன் ஆணாக இருந்தால் வலு 18/00 வரை போகலாம். அதுதான் உச்சம். பெண்ணாக இருந்தால் 18/50-ஓடு நின்றுவிட வேண்டும். பகடை எவ்வளவு நன்றாக விழுந்தாலும் அதற்கு மேல் கிடையாது. 1989-ல் வந்த இரண்டாம் பதிப்பில் இந்த வரம்பை எடுத்துவிட்டார்கள்.

இன்று கம்ப்யூட்டரிலும் பிளேஸ்டேஷனிலும் ஆடப்படும் ‘ரோல் பிளேயிங்’ வகை வீடியோ கேம்கள் அந்த மேசை விளையாட்டின் வழியில் வந்தவை. நாமே ஒரு பாத்திரத்தை உருவாக்கி, அதற்கு முகமும் தலைமுடியும் பெயரும் கொடுத்து, நூறு மணி நேரம்கூட அதுவாகவே வாழலாம். எண்ணில் இருந்த பாகுபாடு இவற்றில் பெரும்பாலும் ஒழிந்துவிட்டது. பெண் பாத்திரத்தின் வாளும் அதே வேகத்தில் வெட்டும். ஆனால் அந்தப் பாகுபாடு முழுக்க வெளியேறவில்லை. உடைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

இந்த உடைகளை வைத்துத்தான் என் பிழைப்பு. வெளிநாட்டு கேம் நிறுவனங்களுக்காகச் சென்னையில் உட்கார்ந்து பாத்திரங்களுக்கு உடை மாடல் செய்கிறவள் நான். கிளையன்ட் முதலில் ஆடையில்லாத உடல் ஒன்றை அனுப்புவார். அதற்குள் ‘ரிக்’ என்கிற எலும்புச் சட்டகம் இருக்கும். நாங்கள் செய்யும் சட்டையின் ஒவ்வொரு புள்ளியும் எந்த எலும்போடு எவ்வளவு அசைய வேண்டும் என்று ‘வெயிட்’ போட வேண்டும். தோளில் பிசகினால் கையைத் தூக்கும்போது அக்குள் சுருண்டுவிடும். தொடையில் பிசகினால் நடக்கும்போது முழங்கால் துணியைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். இதற்கு ‘கிளிப்பிங்’ என்று பெயர். எங்கள் வேலை நேரத்தைத் தின்பது பெரும்பாலும் இதுதான். உடை முடிந்ததும் அட்டவணையில் ஒரு வரி ஏறும்: பெயர், அணியும் இடம், பாதுகாப்பு எண், யார் அணியலாம் என்பதற்கு ஒரு கட்டம். நான் இங்கே பேச வந்தது அந்தக் கடைசிக் கட்டத்தைப் பற்றித்தான்.

2004 நவம்பரில் வந்த ‘வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்’ ஆட்டத்தின் கோப்புகளை நோண்டிப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். உடைப் படங்களின் பெயர்க் கடைசியில் எம், எஃப், யூ என்று மூன்றில் ஓர் எழுத்து இருக்கும். எம் ஆணுக்கு, எஃப் பெண்ணுக்கு, யூ இருவருக்கும். சில கால்கவசங்கள் ஆண் பாத்திரம் அணிந்தால் இடுப்பிலிருந்து கீழ்வரை இரும்பாக இருக்கும். அதே பெயரும் அதே பாதுகாப்பு எண்ணும் கொண்ட அதே கவசத்தைப் பெண் பாத்திரம் அணிந்தால் தொடை முழுக்கத் திறந்து, நீச்சலுடை அளவுக்குச் சுருங்கிவிடும். எல்லாக் கவசமும் அப்படி இல்லை. இருந்தவை, ஆடியவர்கள் எல்லாரும் கவனிக்கும் அளவுக்கு இருந்தன.

இது தானாக நேர்ந்துவிடாது. தொழிலில் இருப்பவள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். யூ என்று முடிவு செய்திருந்தால் ஒரே படம் போதும். எஃப் என்று இன்னொன்று இருக்கிறதென்றால், ஒருவர் மெனக்கெட்டு அதைத் தனியாக வரைந்திருக்கிறார், இன்னொருவர் பார்த்துச் சரி சொல்லியிருக்கிறார் என்று பொருள். பெண்ணின் தொடையிலிருந்து இரும்பைக் கழற்ற யாரோ சம்பளம் வாங்கியிருக்கிறார்கள்.

மார்புக்கவசத்தின் கதை இதைவிட மோசம். இரும்புத் தகட்டை நடுவில் மேடாக வளைப்பதற்குக் காரணம் உண்டு. விழுகிற வெட்டு வழுக்கி வெளிப்பக்கம் போய்விட வேண்டும். பெண்ணுக்கென்று இரண்டு குமிழாக வார்த்தால் நடுவே ஒரு பள்ளம் விழும். வாள்முனை அந்தப் பள்ளத்தில் வழுக்கி நேராக நெஞ்செலும்புக்கு வந்து சேரும். தகட்டுக்கு அடியில் பஞ்சு வைத்துத் தைத்த கனமான உள்ளுடை வேறு இருக்கும் என்பதால், உடலின் வளைவு வெளியே தெரிய வேண்டிய தேவையே இல்லை. ஜப்பானின் ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனம் இதைப் புரிந்துகொண்டது. அவர்களுடைய ‘டார்க் சோல்ஸ்’ (2011), ‘எல்டன் ரிங்’ (2022) விளையாட்டுகளில் கனத்த கவசம் பூண்டு நிற்பவரைப் பார்த்து, உள்ளே இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வது கடினம். எல்டன் ரிங்கில் பாத்திரம் உருவாக்கும்போது ‘டைப் ஏ’, ‘டைப் பி’ என்று இரண்டு உடல்களைக் காட்டித் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். ஆண், பெண் என்ற சொற்களே அங்கே இல்லை.

இந்த இடத்தில் எப்போதும் எழும் பதில், “செலவு” என்பது. 2014 ஜூனில் ‘அசாசின்ஸ் கிரீட் யூனிட்டி’ விளையாட்டில் கூட்டாக ஆடும் நால்வரில் ஒருவர்கூட ஏன் பெண் இல்லை என்று கேட்டபோது, அசைவுகளும் உடைகளும் இரண்டு மடங்கு வேலை வாங்கும் என்றார்கள் யூபிசாஃப்ட் தரப்பில். அதே வரிசையில் முந்தைய விளையாட்டு ஒன்றுக்கு அனிமேஷன் பொறுப்பில் இருந்த ஜானதன் கூப்பர், அது ஓரிரு நாள் வேலை என்று பகிரங்கமாக மறுத்தார். என் அனுபவத்தில் உண்மை நடுவில் இருக்கிறது. புதிய உடல் ஒன்று வந்தால் உடைகளை அதற்குப் பொருத்தும் வேலை நிச்சயம் கூடும். ஆனால் நடை, ஓட்டம், ஏறுதல் போன்ற அசைவுகளில் பெரும்பகுதியை அப்படியே எடுத்தாளலாம். எடுத்தாண்டபின் ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ‘மாஸ் எஃபெக்ட் 2’ (2010) விளையாட்டில் நாயகன், நாயகி இருவருக்கும் பெரும்பாலும் ஒரே அசைவுகள்தான். அந்த மையப் பாத்திரமான கமாண்டர் ஷெப்பர்டு பெண்ணாக இருந்தாலும் அதே துணிச்சலோடு நடந்து வருவது எனக்குப் பிடிக்கும். பின்னால் வந்த ‘கசுமி’ என்ற கூடுதல் அத்தியாயத்தில் அவருக்கு ஒரு விருந்துக்காகக் குட்டைக் கவுன் கொடுத்தார்கள். அதை அணிந்து சோபாவில் உட்காரும்போதும் பேன்ட் போட்ட ஆள் கால் விரித்து உட்காரும் அதே அசைவு. உடையை வரைந்தவருக்கும் அசைவைச் செய்தவருக்கும் நடுவே நின்று பார்க்க ஆளில்லை.

எங்கள் அலுவலகத்தில் நடந்ததையும் சொல்கிறேன். ஒரு கிளையன்ட் அனுப்பிய அட்டவணையில், இடுப்பிலிருந்து தொங்கும், கால் பிரியாத துணி எல்லாமே ‘ஸ்கர்ட்’ என்ற தலைப்பின்கீழ் இருந்தது. அந்தத் தலைப்புக்கு எதிரே எஃப். ஆண் ரிக்கில் பாவாடைக்கான கூடுதல் எலும்புகளே வைக்கப்படவில்லை. அதாவது அந்த உலகத்தில் ஓர் ஆண் வேட்டி கட்ட முடியாது. என் தாத்தா வாழ்நாள் முழுக்க வேட்டிதான் கட்டினார். வயலில் இறங்கும்போது மடித்துக் கட்டுவார், பெரியவர்கள் எதிரே வந்தால் மடிப்பை அவிழ்த்து விடுவார். அவரை அந்த அட்டவணையில் எங்கே வைப்பது? காதில் கடுக்கன் போட்ட நாதஸ்வர வித்வானை எங்கே வைப்பது? கம்மல், தோடு, நீண்ட கூந்தல் எல்லாவற்றுக்கும் எஃப் போட்டிருந்தார்களே! கேரளத்து முண்டு, பர்மாவின் லோஞ்சி, ஸ்காட்லாந்தின் கில்ட் ஒன்றுக்குமே அதில் இடமில்லை.

டீம் லீடிடம் சொன்னேன். அவரும் வேட்டி கட்டுகிறவர்தான், பொங்கலுக்கு அலுவலகத்துக்கே கட்டிக்கொண்டு வருவார். அந்தப் படங்களையே இணைத்துக் கிளையன்ட்டுக்கு எழுதினோம். ஆண்களின் உடை, பெண்களின் உடை என்று அவர்கள் வரைந்த கோடு அவர்களுடைய ஊரில், அவர்களுடைய காலத்தில் உள்ள கோடு. உலகத்துக்கெல்லாம் பொதுவானதாக அதைக் கணினியில் எழுதிவைக்கக் கூடாது என்று அந்தக் கடிதத்தில் சொன்னோம். ஆண் ரிக்கிலும் அந்த எலும்புகளைச் சேர்த்து அனுப்பினார்கள். மடித்துக் கட்டிய வேட்டியின் கீழோரம் ஓடும்போது முழங்காலில் மோதாமல் இருக்க நான் பட்ட பாடு தனிக்கதை. இருந்தாலும் இவ்வளவு ஆசையாக நான் வேறெந்த உடைக்கும் வெயிட் போட்டதில்லை.

ஆணுக்கு மட்டும், பெண்ணுக்கு மட்டும் என்ற பூட்டைத் திறப்பது எப்படி என்பதற்கு நல்ல உதாரணம், ஸ்கொயர் எனிக்ஸின் ‘ஃபைனல் ஃபேன்டசி 14’. லட்சக்கணக்கானோர் இணையத்தில் ஒன்றாகச் சேர்ந்து ஆடும் விளையாட்டு. அதில் ஒரு கவசத்தின் பாதுகாப்பை வைத்துக்கொண்டு இன்னொன்றின் தோற்றத்தை அணியலாம். ஆகவே உடை தேர்ந்தெடுப்பதே பலருக்குப் பாதி விளையாட்டு. 2019-ல் முயல்காது கொண்ட வியெரா என்ற இனத்தைப் பெண்களாக மட்டும், சிங்கமுகம் கொண்ட ஹ்ராத்கர் என்ற இனத்தை ஆண்களாக மட்டும் கொண்டுவந்தார்கள். அழகு பெண்ணுக்கு, முரட்டுத்தனம் ஆணுக்கு என்ற பழைய பங்கீடு. ஆடுபவர்கள் விடாமல் கேட்டார்கள். 2021 டிசம்பரில் ஆண் வியெரா வந்தார். 2024-ல்தான் பெண் ஹ்ராத்கர் வந்தார். செலவு என்ற காரணம் இங்கே பொய்யில்லை என்பதற்கும் இதே இனங்கள் சாட்சி. அந்தக் காதுகளுக்கும் பிடரிக்கும் தனியாகப் பொருத்த வேண்டியிருந்ததால், இவர்கள் தொப்பியோ தலைக்கவசமோ அணிந்தாலும் பெரும்பாலானவை திரையில் தெரியவேயில்லை. ஒரு பாலினத்துக்கு மட்டுமென்று பூட்டியிருந்த உடைகள் பலவற்றையும் நிறுவனத்தார் படிப்படியாகத் திறந்துவிட்டார்கள்.

கவர்ச்சியான உடையே கூடாது என்று நான் சொல்லவில்லை. அதை விரும்பி அணியும் பெண்கள் இருக்கிறார்கள், ஆண்களும் இருக்கிறார்கள். இதே விளையாட்டில் ‘சப்லிகார்’ என்று ஒன்று உண்டு. நம் ஊர்க் கோவணம் போன்ற அரைக்கவசம். அதை ஆண் பாத்திரமும் அணியும், பெண் பாத்திரமும் அணியும். மீசைக்கார வீரர் ஒருவர் அதைக் கட்டிக்கொண்டு கம்பீரமாக நிற்பதில் எனக்கு ஒரு சங்கடமும் இல்லை. அவர் தானே தேர்ந்தெடுத்தது. போருக்குப் போகிற பெண்ணுக்கு வேறு வழியே வைக்காததுதான் என் புகார்.

‘தி சிம்ஸ் 4’ கண்டிப்பாகச் சொன்னால் இந்த வகை விளையாட்டு இல்லை. குடும்பம் நடத்தும் விளையாட்டு. ஆனாலும் அதைச் சொல்லாமல் விட முடியாது. 2016 ஜூனில் ஓர் இலவச அப்டேட்டில், அதுவரை ஆணுக்கோ பெண்ணுக்கோ மட்டுமென்று இருந்த 700-க்கும் மேற்பட்ட உடை, தலைமுடி, நகைகளை எல்லாருக்கும் திறந்துவிட்டார்கள். உடலமைப்பு எப்படி, உடை விருப்பம் எது, கருத்தரிக்க முடியுமா என்பதையெல்லாம் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கலாம். ஒன்று இன்னொன்றைத் தீர்மானிக்காது.

இதன் அருமையை எனக்குப் புரியவைத்தவர் என் தோழி. திருநங்கை. எங்கள் அலுவலகத்தில் டெஸ்டராக இருக்கிறார். வீட்டில் தாவணியைத் தொட்டாலே அடி விழுந்த வயதில், ‘ஸ்கைரிம்’ விளையாட்டில் பெண் பாத்திரத்தை எடுத்து, ராத்திரி யாரும் பார்க்காதபோது ஆடியிருக்கிறார். “அக்கா, சண்டையெல்லாம் அப்புறம்தான். முதல்ல டிரஸ்ஸை மாத்தி மாத்திப் போட்டுப் பார்ப்பேன்,” என்றார். அவருடைய கண்ணுக்கு என் கண்ணில் படாதவை படும். 2020-ல் வந்த ‘சைபர்பங்க் 2077’-ஐ நான் பாராட்டிக்கொண்டிருந்தேன். உடல், குரல், உறுப்பு எல்லாவற்றையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கலாமே என்று. “பேச விட்டுப் பாருங்க,” என்றார். கனத்த குரலைத் தேர்ந்தெடுத்தால் ஊரே ‘அவன்’ என்கிறது. என்ன உடை அணிந்தாலும், உதட்டுச்சாயம் பூசினாலும், அவரைப் போலக் குரல் கனத்த பெண்ணுக்கு அங்கே ‘அவள்’ கிடையாது.

2023 ஆகஸ்டில் பெல்ஜியத்தின் லேரியன் ஸ்டூடியோஸ் வெளியிட்ட ‘பால்டர்ஸ் கேட் 3’ அந்த முடிச்சையும் அவிழ்த்தது. 1978-ல் பெண்ணின் வலுவுக்கு வரம்பு போட்ட அதே டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ் விதிகளின் ஐந்தாம் பதிப்பை அடிப்படையாகக் கொண்ட விளையாட்டு இது. நான்கு வகை உடல்கள் வரை உண்டு. குரல் தனி. அவன் என்பதா, அவள் என்பதா, இரண்டும் வேண்டாமா என்பது தனி. எந்த உடலும் எந்த உடையையும் அணியலாம்.

இப்போது நாங்கள் இருவரும் ஒரே ப்ராஜெக்டில் இருக்கிறோம். அதிலும் குரலைப் பொறுத்தே விளிப்பு மாறுகிறது. தோழி அதைப் பிழை என்று பதிவு செய்தார். “இப்படித்தான் வடிவமைத்திருக்கிறோம்” என்று பதில் எழுதி மூடிவிட்டார்கள். அவர் மறுபடியும் திறந்து, எந்தத் திரையில், எந்தக் குரலோடு, எந்த வசனத்தில் தவறு வருகிறது என்று ஒன்றுவிடாமல் படம்பிடித்து இணைத்திருக்கிறார். பதில் இன்னும் வரவில்லை. என் பங்குக்கு, இந்த வாரம் முடித்த இரண்டு பாவாடைக்கும் ஒரு ஜிமிக்கிக்கும் யூ போட்டு அனுப்பியிருக்கிறேன். ஏன் என்று கேட்டால் சொல்லக் காரணம் தயாராக இருக்கிறது.