சீருடற்பயிற்சி: நம் பிள்ளைகள் வீட்டில் பழக வேண்டியவையும் பழகக் கூடாதவையும்

தோட்டத் தமிழ்ப்பள்ளி ஒன்றின் விளையாட்டு விழாவுக்கு நாம் சென்றிருந்தபோது கண்ட காட்சியொன்றை முதலில் கூறிவிடுகிறோம். ஓட்டப் பந்தயங்கள் முடிந்து, பரிசளிப்புக்காக மக்கள் காத்திருந்தனர். அவ்வேளையில் பத்து வயது மதிக்கத்தக்க சிறுவன் ஒருவன் திடலோரத்துச் சிமெண்டுக் கால்வாயின் விளிம்பில் ஏறி நின்று, பின்புறமாகக் குட்டிக்கரணம் போட்டுப் புல்தரையில் குதித்தான். சுற்றி நின்றவர்கள் கைதட்டினர். உற்சாகம் மிகுந்து அவன் மீண்டும் ஏறினான். இம்முறை கால் வழுக்கியது. தோளில் அடிபட்டு அழுதுகொண்டே எழுந்தான். அவன் தலை விழுந்த இடத்திற்கும் சிமெண்டு விளிம்பிற்கும் இடையே ஒரு சாண் தூரமே இருந்தது.

ஓடி வந்து அவனைத் தூக்கிய தாயார் நம்மிடம் இவ்வாறு கேட்டார்: "பள்ளிக்கூடத்துல ஜிம்னாஸ்டிக் குழுவுல இவன எடுத்திருக்காங்க ஐயா. வீட்டுலயும் பழகணும்னு சொன்னாங்களாம். இவன் இதத்தான் பழகுறான். எது சரி, எது தப்புன்னு மரம் வெட்டுற எங்களுக்கு எப்படித் தெரியும்?"

அத்தாயின் கேள்வி நியாயமானது. அதற்குரிய விடையையே இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

சீருடற்பயிற்சி என்பது யாது?

பள்ளிகளில் ஜிம்னாஸ்டிக் என்று வழங்கப்பெறும் சீருடற்பயிற்சி, உடலின் வலிமை, வளைவு, சமநிலை ஆகிய மூன்றையும் ஒருங்கே சோதிக்கும் விளையாட்டாகும். போட்டிகளில் பெண்களுக்கு நான்கு பிரிவுகள் உண்டு. அவை தாண்டுமேசை, உயரம் வேறுபட்ட இரட்டைக் கம்பிகள், சமநிலைக் கட்டை, தரைப் பயிற்சி என்பனவாம். ஆண்களுக்குத் தரைப் பயிற்சி, கைப்பிடிக் குதிரை, தொங்கு வளையங்கள், தாண்டுமேசை, இணைக் கம்பிகள், உயரக் கம்பி என ஆறு பிரிவுகள் உள்ளன.

நம் நாட்டினரும் இத்துறையில் பெயர் பெற்றுள்ளனர். 2015-ஆம் ஆண்டு சிங்கப்பூரில் நடைபெற்ற தென்கிழக்காசியப் போட்டியில் ஃபாரா ஆன் அப்துல் ஹாடி தரைப் பயிற்சியில் தங்கப் பதக்கம் வென்றார். 2021-ஆம் ஆண்டு தோக்கியோவில் நடைபெற்ற ஒலிம்பிக் போட்டியிலும் அவர் மலேசியாவின் சார்பில் பங்கேற்றார்.

மதிப்பெண் எங்கே குறைகிறது?

வானில் சுழலும் வித்தைகளே இவ்விளையாட்டின் உயிர் என்று பலரும் எண்ணுகின்றனர். நடுவர்களோ வேறு பலவற்றையும் கூர்ந்து நோக்குகின்றனர். 2006-ஆம் ஆண்டு முதல் உலகப் போட்டிகளில் கடினத்திற்கு ஒரு மதிப்பெண்ணும், செய்யும் முறைக்கு ஒரு மதிப்பெண்ணும் தனித்தனியே வழங்கப்படுகின்றன. செய்முறைக்கான மதிப்பெண் பத்தில் தொடங்கும். பிழை நேரும்போதெல்லாம் அதிலிருந்து கழிக்கப்படும். குதித்து இறங்கியபின் ஒரு சிறு அடி எடுத்து வைத்தால் 0.1, பெரிய அடி எடுத்து வைத்தால் 0.3, விழுந்துவிட்டால் முழுமையாக 1.0 கழிக்கப்படும். முழங்கால் மடங்கினாலும், கால்விரல்கள் நீளாமல் இருந்தாலும் கழிவு உண்டு.

இந்தச் சிறு எண்களின் மதிப்பை ஓர் உண்மை நிகழ்ச்சியால் உணரலாம். இந்தியாவின் திரிபுரா மாநிலத்தைச் சேர்ந்த தீபா கர்மாக்கர், சீருடற்பயிற்சிக்கு ஏற்றதல்ல என்று கருதப்படும் தட்டையான பாதங்களோடு பிறந்தவர். பல்லாண்டுப் பயிற்சியால் அக்குறையை வென்று, 2016-ஆம் ஆண்டு ரியோ டி ஜெனிரோ ஒலிம்பிக்கில் தாண்டுமேசைப் பிரிவின் இறுதிச் சுற்றில் நான்காம் இடம் பெற்றார். அவருக்குக் கிடைத்தது 15.066, வெண்கலப் பதக்கத்திற்குரிய மதிப்பெண் 15.216. இடைவெளி வெறும் 0.15 தான்!

ஆகவே, நேரான முழங்கால், நீண்ட கால்விரல், இறங்கிய இடத்தில் அசையாது நிற்றல் ஆகிய எளிய பழக்கங்களே போட்டியின் முடிவைத் தீர்மானிக்கக் கூடும். இவற்றைப் பழக விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. நம் வீட்டுக் கூடத்திலேயே பழகலாம்.

இளமரமும் இளம்பிள்ளையும்

நட்டு ஐந்தாறு ஆண்டுகள் ஆகியும் சுற்றளவு போதாத ரப்பர் மரத்தில் நாம் கத்தி வைப்பதில்லை. தண்டின் சுற்றளவு 45 முதல் 50 சென்டிமீட்டர் ஆகும்வரை காத்திருக்கிறோம். அவசரப்பட்டு வெட்டினால் சில நாள் பால் கிடைக்கலாம். மரத்தின் வளர்ச்சியோ குன்றிவிடும். இதனை நமக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

பிள்ளைகளின் உடலும் அத்தகையதே. வளரும் பருவத்தில் எலும்புகளின் முனையில் மென்மையான வளர்ச்சிப் பகுதி உள்ளது. அளவுக்கு மீறிய சுமை ஏறினால் அப்பகுதி புண்படும். சீருடற்பயிற்சி செய்வோர் உடலின் பாரத்தைக் கைகளில் தாங்குவதால், குறிப்பாக மணிக்கட்டுக்கு இத்தீங்கு நேரலாம். கழுத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டுவதில்லை.

அவசரத்திற்குக் காரணமும் இல்லை. 1976-ஆம் ஆண்டு மொன்றியல் ஒலிம்பிக்கில் ருமேனியாவின் நாடியா கொமனேச்சி, பத்துக்குப் பத்து மதிப்பெண் பெற்று உலகை வியக்க வைத்தபோது அவருக்கு வயது 14. இன்றைய விதிப்படி அவ்வயதில் ஒலிம்பிக் மேடை ஏற இயலாது. பெண்கள் போட்டி நடைபெறும் ஆண்டில் 16 வயதை எட்ட வேண்டும் என்னும் விதி 1997-ஆம் ஆண்டு முதல் நடப்பில் உள்ளது. இளம்பிள்ளைகளின் உடல்நலங் கருதியே இவ்வரம்பு உயர்த்தப்பட்டது. ஆகவே, பத்து வயதுப் பிள்ளைக்குக் காலம் நிறைய இருக்கிறது.

வீட்டில் பழக வேண்டியவை

வாரத்திற்கு நான்கு நாள், நாளொன்றுக்கு இருபது நிமிடம் போதுமானது. உணவு உண்டு ஒன்றரை மணி நேரமாவது கழிந்த பின்னரே தொடங்க வேண்டும். நாற்காலி, மேசைகளை ஒதுக்கி, நழுவாத பாய் அல்லது மெத்தையை விரித்துக்கொள்க. கழுத்துச் சங்கிலி, வளையல் ஆகியவற்றைக் கழற்றிவிட வேண்டும். தலைமுடியைக் கட்டிக்கொள்வதும் வெறுங்காலுடன் பயில்வதும் நலம். பெரியவர் ஒருவர் அருகில் இருத்தல் இன்றியமையாதது.

முதலாவதாக, உடலைச் சூடேற்றுதல். நின்ற இடத்திலேயே மெல்ல ஓடுதல், கயிறு தாண்டுதல், தோள், மணிக்கட்டு, கணுக்கால் ஆகியவற்றைச் சுழற்றுதல் ஆகியவற்றை ஐந்து நிமிடம் செய்க. குளிர்ந்த உடலை வளைப்பது தசைக்குக் கேடு.

இரண்டாவதாக, படகு நிலை. மல்லாந்து படுத்து, இடுப்பின் பின்புறம் தரையில் நன்கு படியுமாறு வயிற்றை இறுக்க வேண்டும். பின் தோள்களையும் கால்களையும் சற்றே உயர்த்தி, உடல் படகைப் போல் இருக்கப் பத்து எண்ணும்வரை நிற்க வேண்டும். இடுப்பு தரையை விட்டு எழுமாயின், முழங்காலை மடக்கிக்கொள்ளலாம். இதனை மும்முறை செய்க. பிறகு குப்புறப் படுத்து, கைகளையும் கால்களையும் சற்றே உயர்த்தி அவ்வாறே மும்முறை செய்க. கம்பியில் ஊசலாடவும் தலைகீழாக நிற்கவும் உடலை இறுக்கிப் பிடிக்கும் இந்த ஆற்றலே அடிப்படையாகும்.

மூன்றாவதாக, சுவரைத் துணைகொண்டு கையூன்றி நிற்றல். சுவருக்கு முதுகு காட்டிக் குனிந்து, கைகளைத் தோளகலத்தில் ஊன்றி, கால்களைச் சுவரில் வைத்து மெல்ல மேலேற்ற வேண்டும். தொடக்கத்தில் கால்கள் இடுப்பின் உயரத்திற்கு ஏறினால் போதும். வலிமை கூடக் கூட மேலும் ஏற்றலாம். முழங்கைகள் மடங்காமலும், வயிறு தொங்காமலும் பார்த்துக்கொள்க. பத்து எண்ணிக்கையில் தொடங்கி, சில வாரங்களில் முப்பது வரை உயர்த்தலாம். இறங்கும்போது குதிக்கக் கூடாது. ஏறியவாறே கால்களால் நடந்து இறங்க வேண்டும். ஆட்டங் காணும் பலகைச் சுவர் இதற்கு உதவாது.

நான்காவதாக, கோட்டின்மேல் நடத்தல். போட்டியில் பயன்படும் சமநிலைக் கட்டையின் நீளம் 5 மீட்டர். அகலம் 10 சென்டிமீட்டர், அதாவது ஏறக்குறைய நான்கு அங்குலம். அதே அளவில் வீட்டு முன்தாழ்வாரத்தின் தரையில் சுண்ணக்கட்டியால் இரு கோடுகளை வரைந்துவிட்டால், கட்டை நம் வீட்டிற்கே வந்துவிட்டது! அதன்மேல் நுனிக்காலால் முன்னும் பின்னும் நடத்தல், ஒற்றைக் காலில் பத்து எண்ணும்வரை நிற்றல், நுனிக்காலில் நின்று திரும்புதல் ஆகியவற்றைப் பழகலாம். பார்வை கால்களின் மேல் இராமல் கோட்டின் கடைசி முனையில் நிலைத்திருக்க வேண்டும். உயரமான கட்டையின்மேல் ஏறுவது பயிற்றுநர் முன்னிலையில் மட்டுமே.

ஐந்தாவதாக, இறங்கி நிற்றல். நின்ற இடத்தில் மேலே குதித்து, பாதங்களை இடுப்பகலத்தில் ஊன்றி, முழங்கால்களைச் சற்றே மடக்கி, கைகளை முன்னே நீட்டி இறங்க வேண்டும். முழங்கால்கள் உட்புறமாகச் சாயக் கூடாது. மூன்று எண்ணும்வரை கல்லைப்போல் நிற்க வேண்டும். பத்து முறை போதும். புல்தரையில் பழகுவது நன்று. இன்று ஓரடி நகராமல் நிற்கப் பழகும் பிள்ளை, நாளை போட்டியில் 0.1 இழக்காது.

இறுதியாக, உடலை நீட்டுதல். கால்களை நீட்டி அமர்ந்து முன்னே குனிதல், கால்களை முன்னும் பின்னுமாக விரித்து மெல்லத் தாழ்தல் ஆகியவற்றை ஒவ்வொன்றும் இருபது முதல் முப்பது விநாடி செய்க. இங்கே ஒரு முக்கிய எச்சரிக்கை: பிள்ளையின் தோளையோ இடுப்பையோ பெரியவர்கள் அழுத்தி வளைக்கக் கூடாது. உடல் நாளுக்கு நாள் தானாக இளகும். அழுத்தினால் தசை கிழியும்.

வீட்டில் பழகக் கூடாதவை

முன்புறமோ பின்புறமோ காற்றில் சுழலும் குட்டிக்கரணம், பின்னோக்கிப் பாய்ந்து கையூன்றி எழுதல், பிறர் தோள்மேலிருந்து குதித்தல் ஆகியவற்றை வீட்டிலும் திடலிலும் ஒருபோதும் அனுமதித்தல் கூடாது. கால்வாய் விளிம்பு, வாசற்படி, மரக்கிளை, சன்னற்கம்பி ஆகியவை பயிற்சிக் கருவிகள் அல்ல. தடித்த மெத்தையும், தாங்கிப் பிடிக்கத் தெரிந்த பயிற்றுநரும் உள்ள இடத்தில்தான் அவற்றைக் கற்க வேண்டும். கைப்பேசியில் காணும் வித்தைகளைப் பார்த்துச் செய்வதும் ஆபத்தானதே. அவற்றைச் செய்பவர்கள் எத்தனை ஆண்டு பயின்றார்கள் என்பது படத்தில் தெரிவதில்லை.

தவறி விழுந்து பிள்ளைக்குக் கழுத்திலோ முதுகிலோ வலி ஏற்பட்டால், அல்லது கைகால்கள் மரத்துப் போனால், அவசரப்பட்டுத் தூக்கவோ உட்கார வைக்கவோ வேண்டா. கழுத்து அசையாதவாறு கிடத்தி வைத்து, 999 எண்ணுக்கு உடனே அழைக்க வேண்டும்.

வலியும் உணவும்

பயிற்சிக்குப் பின் தசையில் தோன்றும் அசதி ஓரிரு நாளில் நீங்கிவிடும். மூட்டிலோ எலும்பிலோ ஓரிடத்தில் தொடர்ந்து வலித்தால், பயிற்சியை நிறுத்திக் கிளினிக்கிற்கு அழைத்துச் செல்க. வலியை மறைத்துக்கொண்டு பயில்வது வீரமன்று.

உடல் மெலிய வேண்டுமென்று உணவைக் குறைப்பதும் பெருந்தவறு. குறிப்பாக வளரும் பெண் பிள்ளைகளை எடையைச் சொல்லிக் கேலி செய்யக் கூடாது. சோற்றுடன் முட்டை, மீன், நெத்திலி, பருப்பு, கீரை, பழம் ஆகியவை நாள்தோறும் கிடைக்குமாறு பார்த்துக்கொண்டால் போதும். இரவில் ஒன்பது மணி நேர உறக்கமும் பயிற்சியின் ஒரு பகுதியே.

பெற்றோரின் பங்கு

வேலை முடிந்து களைத்து வீடு திரும்பும் பெற்றோருக்கு இருபது நிமிடம் ஒதுக்குவது எளிதன்று என்பதை நாம் அறிவோம். ஆயினும், அருகில் அமர்ந்து ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொடுக்க ஜிம்னாஸ்டிக் தெரிந்திருக்க வேண்டியதில்லை. முழங்கால் நேராக இருக்கிறதா என்று பார்ப்பதற்குப் படிப்பும் தேவையில்லை. பட்டையில் கத்தி எவ்வளவு ஆழம் இறங்கலாம் என்பதைக் கண்ணாலேயே அளக்கும் நமக்கு இது கடினமா என்ன?

பயிற்றுநர் யார், பயிற்சி எங்கே, எத்தனை மணிக்கு முடியும் என்பனவற்றைக் கேட்டறிவதும், நேரில் சென்று பார்ப்பதும் பெற்றோரின் உரிமையும் கடமையும் ஆகும். நல்ல பயிற்றுநர் அதனை வரவேற்பாரே அன்றி வருந்தமாட்டார்.

விளையாட்டு விழாவில் நாம் சந்தித்த அத்தாயாரிடம் அன்று விரிவாகப் பேச நேரமில்லை. ஒன்றை மட்டும் கூறினோம்: "அம்மா, பையனிடம் துணிவு இருக்கிறது, அதை அணைத்துவிடாதீர்கள். கால்வாய் விளிம்பிலிருந்து இறக்கி, தரையில் வரைந்த கோட்டின்மேல் நிறுத்துங்கள்." அதனையே தோட்டங்கள்தோறும் உள்ள பெற்றோருக்கும் கூறுகிறோம். சுண்ணக்கட்டியும் பாயும் இருந்தால் இன்று மாலையே தொடங்கலாம். குட்டிக்கரணத்திற்குரிய காலம் தானே வரும். அது வரும்வரை பிள்ளையின் கழுத்தையும் கைகளையும் காத்துக்கொடுப்பது நம் பொறுப்பு.