மீன் குட்டைக்கு ஒரு 'செடிப் பாத்தி' வடிகட்டி

வீட்டுக் கொல்லையில் சின்னதாக ஒரு மீன் குட்டை வெட்டுவது இப்போது பரவலாகி வருகிறது. குட்டை வெட்டுவதும் குஞ்சு வாங்கி விடுவதும் எளிது. தண்ணீரைக் கெடாமல் வைத்திருப்பதில்தான் பலர் தோற்றுப் போகிறார்கள். இரண்டு மாதம் நன்றாக வளர்ந்த மீன்கள் ஒருநாள் விடியற்காலையில் வாயைத் திறந்தபடி மேலே வந்து மிதக்கின்றன. வாரந்தோறும் தண்ணீரை மாற்றினால் தப்பிக்கலாம்தான். ஆனால், கோடையில் ஆழ்துளைக் கிணறு காற்றை இறைக்கும்போது மாற்றுத் தண்ணீருக்கு எங்கே போவது? இதற்குக் கல்லும் செடியும் குழாயும் கொண்டு நீங்களே அமைக்கக்கூடிய ஒரு வழி இருக்கிறது. அதுதான் செடிப் பாத்தி வடிகட்டி.

தண்ணீர் ஏன் கெடுகிறது?

மீன் தின்னும் தீவனத்தில் உள்ள புரதத்தின் ஒரு பகுதி, அம்மோனியாவாகத் தண்ணீரில் கலக்கிறது. 30 சதவீதப் புரதம் கொண்ட தீவனத்தில் ஒரு கிலோ போட்டால், ஏறக்குறைய 25 முதல் 30 கிராம் வரை அம்மோனியா தழைச்சத்து சேரும். தண்ணீரின் கார அமிலத் தன்மையும் வெப்பமும் கூடும்போது இதன் நஞ்சும் கூடும். பச்சைப் பாசி பிடித்த குட்டையில் பிற்பகலில் காரத்தன்மை ஏறுவதால் அம்மோனியா தாக்குகிறது. விடியற்காலையில் பிராணவாயு குறைந்து மூச்சு முட்டுகிறது. மீனுக்கு இரு பக்கமும் அடி.

ஜல்லிக் கற்களின் மேல் தானாக வளரும் நன்மை செய்யும் பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரேட்டைச் செடிகளின் வேர்கள் உரமாக எடுத்துக்கொள்கின்றன. மீனுக்குக் கழிவு, செடிக்கு உணவு. இவ்வளவுதான் இதன் சூட்சுமம்.

எவ்வளவு பெரிய பாத்தி?

குட்டையின் மேற்பரப்பில் 20 முதல் 30 சதவீதம் பாத்திக்கு ஒதுக்குங்கள். சில அலங்கார மீன்கள் மட்டும் என்றால் 10 முதல் 15 சதவீதம் போதும். ஒரு கணக்குப் பார்ப்போம். 10 அடி நீளம், 8 அடி அகலம், 3 அடி ஆழம் கொண்ட குட்டையில் சுமார் 6,800 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். இதற்கு 8 அடி நீளம், 3 அடி அகலத்தில், அதாவது 24 சதுர அடியில் பாத்தி அமைக்கலாம். குட்டையின் 8 அடிப் பக்கத்தை ஒட்டி அமைத்தால் குழாய் வேலை சுருங்கும்.

பாத்தியின் ஆழம் ஒன்றரை அடி இருக்கட்டும். அதில் ஓரடி ஜல்லி நிரம்பும். பாத்தியின் நீர்மட்டம் குட்டையின் நீர்மட்டத்தைவிட 3, 4 இன்ச் உயரமாக இருந்தால்தான் தண்ணீர் தானாக வழிந்து குட்டைக்குத் திரும்பும். எனவே, பாதியைத் தரையில் தோண்டி, மீதியை ஹாலோ பிளாக் அல்லது செங்கல் வைத்து உயர்த்துங்கள். உள்ளே கூர்மையான கல், வேர் எதுவும் இல்லாமல் மணல் பரப்பி, கனமான பாலித்தீன் விரிப்பை மடிப்பில்லாமல் விரித்து, ஓரங்களைச் சுவர் மேல் மடித்துப் போடுங்கள். குட்டைப் பக்கச் சுவரில் ஒரு அடி அகலத்துக்கு வாய் விட்டு, ஜல்லி மட்டத்துக்கு ஒரு இன்ச் கீழே தண்ணீர் வழியும்படி அமையுங்கள். ஜல்லி மேல் தண்ணீர் தேங்காவிட்டால் கொசு முட்டையிட இடமில்லை.

ஓரடி உயர ஜல்லிக்குச் சுமார் கால் யூனிட் தேவை. அதன் எடை ஏறக்குறைய ஒரு டன். பொறியாளரைக் கேட்காமல் மொட்டை மாடியில் இதை அமைக்க வேண்டாம்.

குழாய் வேலை

இங்கே செய்யும் பிழைதான் பின்னால் பாத்தியைத் தோண்ட வைக்கும். நிதானமாகச் செய்யுங்கள்.

குட்டையின் எதிர்க்கோடியில் நீர்மூழ்கி மோட்டாரை வையுங்கள். அப்போதுதான் சுத்தமான நீர் ஒரு பக்கம் விழுந்து, அழுக்கு நீர் மறுபக்கம் உறிஞ்சப்படும். மோட்டாரை ஓட்டையுள்ள பிளாஸ்டிக் கூடைக்குள் வைத்து, கூடையைச் சுற்றி வலை கட்டினால் இலையும் குஞ்சும் உள்ளே போகாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை குட்டை நீர் முழுவதும் பாத்தி வழியாகச் சுற்றி வர வேண்டும். நம் கணக்கில் மணிக்கு 3,500 முதல் 4,000 லிட்டர் தரும் மோட்டார் தேவை. பெட்டியில் எழுதியிருக்கும் அளவு உயரமே இல்லாதபோது கிடைக்கும் அளவு. நீங்கள் தண்ணீரை ஏற்றும் உயரத்தில் எவ்வளவு தரும் என்று கேட்டு வாங்குங்கள்.

மோட்டாரிலிருந்து ஒன்றரை இன்ச் பி.வி.சி. குழாய் பாத்திக்கு வரட்டும். வரும் வழியில் ஒரு பால் வால்வும், தண்ணீர் திரும்பி ஓடாமல் தடுக்கும் ஒருவழி வால்வும் பொருத்துங்கள். ஒருவழி வால்வு இல்லாவிட்டால், மின்சாரம் நின்றதும் பாத்தி அடியிலுள்ள கசடு குழாய் வழியே குட்டைக்கே திரும்பிவிடும்.

பாத்தியின் 3 அடி அகலப் பக்கத்தில் ஒன்றரை இன்ச் தலைக்குழாயைக் குறுக்கே போட்டு, 'டீ' வைத்து ஓரடி இடைவெளியில் மூன்று ஒரு இன்ச் கிளைக்குழாய்களை நீளவாக்கில் பிரியுங்கள். கிளைக்குழாயில் இரண்டு இன்ச்சுக்கு ஒரு வெட்டு, குழாயின் மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்குப் போடுங்கள். மூன்று குழாய்க்கும் சேர்த்து சுமார் 140 வெட்டுகள் வரும். ஆக்சா பிரேமில் இரண்டு பிளேடுகளைச் சேர்த்து மாட்டி அறுத்தால் வெட்டு அகலமாகும், சீக்கிரம் அடைக்காது. அறுத்த பிசிறுகளைத் தேய்த்து எடுத்துவிடுங்கள்.

விரிப்பின் மேல் ஒரு இன்ச் ஜல்லி பரப்பி, வெட்டுகள் கீழ்நோக்கி இருக்கும்படி கிளைக்குழாய்களை வையுங்கள். ஒவ்வொன்றின் கடைசியிலும் எல்போ போட்டு, ஜல்லிக்கு மேலே தெரியும்படி ஒரு துண்டுக் குழாயை நிமிர்த்தி, திருகு மூடி போடுங்கள். பிற்காலத்தில் இதன் வழியே ஹோஸ் விட்டுத்தான் குழாயைச் சுத்தம் செய்ய வேண்டும். பாத்தி மூலையில், அடிப்பகுதியில் ஓட்டை போட்ட 6 இன்ச் குழாய் ஒன்றை நிறுத்தி வையுங்கள். கசடு சேர்ந்திருக்கிறதா என்று பார்க்கவும், சேர்ந்தால் சிறு மோட்டார் இறக்கி வெளியேற்றவும் இது உதவும்.

ஜல்லி நிரப்புவதற்கு முன் மோட்டாரை ஓட்டிப் பாருங்கள். எல்லா வெட்டிலும் தண்ணீர் வருகிறதா, இணைப்பில் கசிகிறதா என்பதை அப்போதே சரிபார்த்துவிடுங்கள்.

ஜல்லியும் செடியும்

குழாயைச் சுற்றி 4 இன்ச் வரை முக்கால் இன்ச் ஜல்லி, அதன் மேல் 8 இன்ச் அரை இன்ச் ஜல்லி. கூழாங்கல் கிடைத்தால் இன்னும் நல்லது. மணலும் மண்ணும் வேண்டாம், அடைத்துவிடும். தூசி போகும்வரை ஜல்லியைக் கழுவுங்கள். ஒரு கல்லின் மேல் எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அது சுண்ணாம்புக் கல், காரத்தன்மையைக் கூட்டும், தவிர்த்துவிடுங்கள்.

கல்வாழை, சேம்பு, வசம்பு, வெட்டிவேர், நீர்ப்பிரம்மி, பொன்னாங்கண்ணி ஆகியவை நன்றாக வரும். வேரிலுள்ள மண்ணை முழுவதும் கழுவிவிட்டு, ஓரடிக்கு ஒன்றாக ஜல்லிக்குள் நடுங்கள். சம்பு வேண்டாம். அதன் வேர் விரிப்பைக் குத்தும், குழாயை அடைக்கும். ஆகாயத்தாமரையைக் கிட்டவே சேர்க்காதீர்கள். பாத்திக்கு உரமோ பூச்சிமருந்தோ போடக் கூடாது, அது நேராக மீனிடம் போகும்.

பொறுமை தேவை

பாக்டீரியாக்கள் நிலைபெற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதுவரை கொஞ்சம் மீன், கொஞ்சம் தீவனம் என்று தொடங்குங்கள். அலங்கார மீன் கடைகளில் கிடைக்கும் சோதனைப் பெட்டியில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் தெரியாத நிலை வந்த பிறகே மீனைக் கூட்டுங்கள். குளோரின் கலந்த குடிநீரை நேரடியாகக் குட்டைக்கு விட்டால் பாக்டீரியாவும் சாகும், மீனும் சாகும். திறந்த தொட்டியில் ஓரிரு நாள் வைத்திருந்து விடுங்கள்.

மோட்டார் இரவும் பகலும் ஓட வேண்டும். 60 வாட் மோட்டார் என்றால் ஒரு நாளைக்கு ஒன்றரை யூனிட்டுக்குள், மாதம் சுமார் 43 யூனிட் ஆகும். சில மணி நேர மின்தடையைப் பாத்தி தாங்கும். ஒரு நாளுக்கு மேல் நின்றுவிட்டால் உள்ளே பிராணவாயு தீர்ந்து நாற்றம் எடுக்கும். அப்படி நின்றால், மூலைக் குழாய் வழியாக அந்தத் தண்ணீரை முழுவதும் இறைத்துத் தென்னைக்கோ வாழைக்கோ விட்ட பிறகு ஓட்டுங்கள். அது குட்டையில் விழுந்தால் ஒரே நாளில் மீன் போய்விடும்.

மாதம் ஒருமுறை செடிகளைக் கழித்து வெளியே எடுங்கள். வெட்டி எடுத்தால்தான் சத்து வெளியேறும். பாத்தியிலேயே அழுகினால் மீண்டும் தண்ணீருக்கே போகும். கழித்த தழை நல்ல மூடாக்கு, நல்ல மக்கு உரம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மோட்டாரை நிறுத்தி, கிளைக்குழாய்களில் ஹோஸ் விட்டு அலசி, கசடை இறைத்துவிடுங்கள்.

உயிருக்குப் பாதுகாப்பு

தண்ணீரும் மின்சாரமும் ஒரே இடத்தில் இருக்கின்றன. மோட்டார் இணைப்புக்கு 30 மில்லி ஆம்பியர் கசிவு மின் துண்டிப்பான் கட்டாயம். எர்த் இணைப்பும் வேண்டும். ஒயரில் ஒட்டுப் போடாதீர்கள். பிளக்கைப் பிடுங்காமல் குட்டைக்குள் கை வைக்கக் கூடாது என்பதை வீட்டிலுள்ள குழந்தைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

இந்தப் பாத்தி எல்லாவற்றுக்கும் மருந்தல்ல. மீனை நெருக்கி விட்டால் காற்றூட்டும் கருவி தனியாக வேண்டும். தீவனம் மிஞ்சினால் எந்த வடிகட்டியும் தாங்காது. பத்து, பதினைந்து நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவே போடுங்கள். கிஃப்ட் திலாப்பியா வளர்ப்பதாக இருந்தால் மீன்வளத் துறை அலுவலகத்தில் முன் அனுமதி பெறுங்கள். ஆப்பிரிக்கக் கெளுத்தி தடை செய்யப்பட்ட மீன், அதை விடவே கூடாது.

முறையாக அமைத்த பாத்தியில், ஆவியாகிப் போகும் தண்ணீரையும் கசடோடு இறைக்கும் தண்ணீரையும் ஈடுசெய்தால் போதும். வாரந்தோறும் குட்டையைக் காலி செய்து நிரப்பும் வேலையும் மிச்சம், கிணற்றுத் தண்ணீரும் மிச்சம்.