கூப்பிடு தூரம்

சில ஆண்டுகளுக்கு முன் பாரிஸ் புறநகரிலுள்ள குளிர்களஞ்சியம் ஒன்றில் எமக்கு நெருங்கிய ஒருவர் இரவு வேலை செய்து வந்தார். இரவு 10 மணிக்கும் காலை 6 மணிக்கும் அறை அறையாகச் சென்று, வெப்பமானியைப் பார்த்துக் கொப்பியிற் குறிப்பது அவர் கடமை. உறைய வைத்த மீன் மறை 18 பாகையிலோ அதற்குக் கீழேயோ இருத்தல் வேண்டும். ஓரிரவு இரண்டு சுற்றுகளுக்கும் இடையில் குளிரூட்டும் இயந்திரம் நின்றுவிட்டது. விடிந்தபோது மீன் இளகிக் கிடந்தது. "10 மணிக்கு நீர் போய்ப் பார்க்கவேயில்லை, இருந்த இடத்திலிருந்தே இலக்கத்தை எழுதிவிட்டீர்" என்றார்கள். அக்கொப்பியைத் தவிர அவருக்கு வேறு சாட்சி இல்லை. வேலை போயிற்று. வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க வேண்டிய வேளையும் அதுவே.

இன்று அதே களஞ்சியத்தின் சுவர்களில் கைக்கடக்கமான சிறு பெட்டிகள் தொங்குவதாக, அங்கு இன்னும் வேலை செய்யும் அன்பர் ஒருவர் சொன்னார். 15 நிமிடத்துக்கு ஒருமுறை அவை வெப்பநிலையைத் தாமே அறிவிக்கின்றன. கம்பி இல்லை, மின்னிணைப்பு இல்லை. சிறு மின்கலமொன்று பல ஆண்டுகளுக்குப் போதுமாம்.

இது எங்ஙனம் இயலும்? நாம் கலைத்துறையிற் படித்தவர்கள். பொறியியல் எமக்குத் தூரம். ஆயினும் வகுப்பறையில் விளிமரபு படிப்பித்த எமக்கு இதன் சூட்சுமம் எளிதில் விளங்கியது. தொலைவில் நிற்பவரை அழைக்குமிடத்துப் பெயரின் ஒலி தன் அளவைக் கடந்து நீளும் என்கிறது தொல்காப்பியம். வயல் வரம்பில் நின்று "தம்பீஇஇ" என்று கூப்பிட்டவர்கள் இதனை அறிவர். அடித்தொண்டையிற் கத்துவதிலும் நீட்டி அழைப்பதே எட்டும். ஒலி நீள நீள, காற்றின் இரைச்சலுக்குள் அதனைப் பிரித்தறியக் கேட்பவரின் செவிக்கு அவகாசம் கிடைக்கிறது.

லோரா எனப்படும் வானலை முறையும் இதனையே செய்கிறது. பிரான்சின் கிறெனோபிள் நகரில் 2009இல் தொடங்கப்பட்ட சிக்லேயோ என்ற சிறு நிறுவனம் இதனை உருவாக்கியது; 2012இல் அமெரிக்காவின் செம்ரெக் அந்நிறுவனத்தை வாங்கியது. இதன் ஒவ்வொரு குறியும் தாழ்ந்த சுருதியிலிருந்து உயர்ந்த சுருதிக்கு ஏறிச் செல்லும் ஓர் அலையாகும். தூரம் கூடினால் அலையை நீட்டிவிடுவார்கள். ஐரோப்பாவில் 868 மெகாஹேட்ஸ் அளவிலான அலைவரிசையில், வழக்கமாக 25 மில்லிவாற் வலுவிலே இப்பெட்டிகள் பேசுகின்றன. நான்காம் தலைமுறைக் கைத்தொலைபேசியின் உச்ச வலுவில் இது எட்டில் ஒரு பங்கு. எனினும் நகரிற் சில கிலோமீற்றரும், திறந்த வெளியில் 15 கிலோமீற்றர் வரையும் செய்தி சென்றடையும்.

நீட்டிப் பேசுபவர் அதிகம் பேச இயலாது. துலூஸ் நகருக்கு அருகே தோன்றி, 2022இல் நொடிந்து சிங்கப்பூர் நிறுவனமொன்றின் கைக்குச் சென்ற சிக்பொக்ஸ் என்னும் மற்றொரு முறையில், பெட்டி அனுப்பும் ஒரு செய்திக்கு 12 பைற் மட்டுமே இடம்; நாளொன்றுக்கு 140 செய்திகள். கணினியின் ஒருங்குறியில் 'அம்மா' என்று எழுதவே 15 பைற் வேண்டும்! சொல்லுக்குச் சொல் காசு எண்ணித் தந்தி அடித்த எமது தலைமுறைக்கு இச்சிக்கனம் புதிதன்று. வெப்பநிலையைச் சொல்ல 2 பைற் போதும்.

ஆனால் இப்பெட்டிகள் வந்தபின் அக்களஞ்சியத்தில் இரவுச் சுற்று நின்றுவிட்டது. இருவர் நின்ற இடத்தில் இப்போது ஒருவர் நிற்கிறார். எம்மவர் பலர் இத்தகைய வேலைகளிலேயே குடும்பம் காக்கின்றனர். அதே வேளை, பெட்டிகளைப் பொருத்தவும், மின்கலம் மாற்றவும், அவை காட்டும் அளவு சரியா எனச் சோதிக்கவும், எச்சரிக்கை வந்தால் ஓடிச் செல்லவும் ஆட்கள் வேண்டும். பிரான்சில் வேலை செய்வோருக்கு 2015 முதல் சே-பே-எவ் எனப்படும் தனிப்பட்ட பயிற்சிக் கணக்கு உண்டு. எம்மில் எத்தனை பேர் அதனைத் திறந்து பார்த்திருக்கிறோம்?

அன்று இப்பெட்டி இருந்திருந்தால், 10 மணிக்கு அறை எப்படி இருந்தது, இயந்திரம் எத்தனை மணிக்கு நின்றது என்பதைச் சொல்லியிருக்கும். ஆனால் அப்பதிவும் முதலாளியின் கணினியிலேயே கிடந்திருக்கும். அப்படி ஒன்று உண்டு என்று அறிந்து, அதைக் காட்டும்படி கேட்கத் தெரிந்தவருக்கே அது சாட்சியாகும்.