விண்ணை மட்டும் நம்பலாமா?

புது தில்லி: தில்லி இந்திரா காந்தி சர்வதேச விமான நிலையத்தின் 10-ம் எண் ஓடுபாதையை நோக்கி ஜி.பி.எஸ். உதவியுடன் இறங்கவந்த சில விமானங்கள் போலி சமிக்ஞைகளைச் சந்தித்தன. இதை மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சர் கே. ராம்மோகன் நாயுடு, 2025 டிசம்பர் 1-ம் தேதி மாநிலங்களவையில் எழுத்துமூலம் அளித்த பதிலில் உறுதி செய்தார்.

அப்பதிலில் ஊன்றிக் கவனிக்க வேண்டிய வரி ஒன்று உண்டு. தரைசார்ந்த வழிகாட்டுக் கருவிகள் இயங்கிய மற்ற ஓடுபாதை முனைகளில் பாதிப்பு ஏற்படவில்லை என்பதே அது.

காரணம் எளிது. சுமார் 20,000 கி.மீ. உயரத்திலிருந்து வரும் ஜி.பி.எஸ். சமிக்ஞை பூமியை அடையும்போது மிகவும் வலுவிழந்திருக்கும். அருகில் உள்ள சிறிய ஒலிபரப்புக் கருவியால் அதை முடக்கவும் முடியும். அதைப் போலவே பேசி ஏமாற்றவும் முடியும். 2023 நவம்பர் முதல் 2025 பிப்ரவரி வரை இத்தகைய 465 குறுக்கீடுகள் பதிவானதாகவும், அவற்றில் பெரும்பாலானவை அமிருதசரஸ், ஜம்மு பகுதிகளில் நிகழ்ந்ததாகவும் மக்களவையில் அரசு தெரிவித்திருந்தது. எல்லைப்புறச் சிக்கலாகக் கருதப்பட்டது இப்போது தலைநகரையும் எட்டிவிட்டது.

சொந்த செயற்கைக்கோள்கள் இருந்தால் போதும் என்ற வாதம் நாடாளுமன்ற வட்டாரங்களில் அடிக்கடி எழுகிறது. 'நாவிக்' திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2006-ல் ஒப்புதல் வழங்கியது. அதற்காக விண்ணில் செலுத்தப்பட்ட 11 செயற்கைக்கோள்களில் நான்கு மட்டுமே இருப்பிடச் சேவை அளிப்பதாக 2025 ஜூலையில் அரசு ஒப்புக்கொண்டது. அணுக் கடிகாரங்களின் பழுது அத்திட்டத்தின் தீராத தலைவலி. பிற நாட்டைச் சார்ந்திராத நிலையை 'நாவிக்' தரலாம். ஆனால் அதன் சமிக்ஞையும் விண்ணிலிருந்து வலுவிழந்தே வருகிறது என்பதை மறந்துவிடக் கூடாது.

விமானங்களோடு விஷயம் முடிந்துவிடவில்லை. தொலைபேசிக் கோபுரங்களும் மின்தொகுப்பும் துல்லிய நேரத்துக்குச் செயற்கைக்கோள்களைப் பயன்படுத்துகின்றன. இந்திய நேரத்தைப் பேணுவது தில்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம். அந்த நேரத்தை ஆமதாபாத், பெங்களூரு, புவனேசுவரம், பரீதாபாத், குவாஹாட்டி ஆகிய ஐந்து மையங்கள் வழியாக நாடெங்கும் வழங்க இஸ்ரோவுடன் இணைந்து திட்டம் வகுக்கப்பட்டது. அதை அனைவரும் பின்பற்றச் செய்வதற்கான வரைவு விதிகள் 2025 ஜனவரியில் வெளியாயின.

குறைந்தபட்சத் தரைவழிக் கட்டமைப்பைப் பராமரித்து வருவதாக அமைச்சர் கூறியிருக்கிறார். எந்தெந்த விமான நிலையங்களில், எந்தெந்த ஓடுபாதை முனைகளில் என்பதே உறுப்பினர்கள் அடுத்துக் கேட்க வேண்டிய கேள்வி. பழையவை என்று சிக்கனத்துக்காகக் கழற்றப்படும் கருவிகள்தாம் தில்லியில் கைகொடுத்தன.