வீட்டில் கட்டிய விமானத்துக்குப் புதுக் கால்

டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள். சின்ன விமானம் தரையிறங்கும்போது அந்த அதிர்ச்சியை யார் தாங்குவது? அமெரிக்காவில் பலர் தங்கள் வீட்டு ஷெட்டிலேயே கட்டிய ஆர்.வி. 6 விமானத்தில் அந்த வேலைக்கு ஆயிலும் கிடையாது, ஷாக் அப்சார்பரும் கிடையாது. மேலே தடித்து, கீழே வரவரச் சிறுத்த ஓர் உருண்டை எஃகுக் கம்பி, அவ்வளவுதான். லாரிக்கு ஸ்பிரிங் பட்டை செய்யும் வேலையை விமானத்துக்கு அந்தக் கம்பி செய்கிறது. ஆஷ்கோஷ் நகரத்துப் பந்தய விமானி ஸ்டீவ் விட்மன் தந்த யோசனை அது. அதற்கு முன்பே அவர் உருவாக்கிய தட்டைப் பட்டைக் காலின் உரிமையை செஸ்னா நிறுவனம் விலைக்கு வாங்கியது.

அந்தக் கம்பியின் தலை, எஞ்சினைத் தாங்கும் சட்டத்தில் உள்ள குழாய்க்குள் நுழைந்திருக்கும். அது திரும்பாமல் பிடித்துக்கொள்வது குறுக்கே போகும் ஒரே ஒரு போல்ட். முரட்டுத்தனமாக இறங்கிக் கால் வளைந்தாலோ, துரு குழி பறித்திருந்தாலோ மாற்றத்தான் வேண்டும். இது கடினமாக்கிய ஸ்பிரிங் எஃகு. சூடு காட்டி நிமிர்த்தினால் அதன் பலம் போய்விடும். ஆழமான ஒரு கீறல் கூட நாளடைவில் வெடிப்பாகும்.

கழற்றுவது சுலபம். வாலை அசையாமல் கட்டிவிட்டு, சிறகின் அடியில் ஜாக்கி கொடுத்துத் தூக்குங்கள். சக்கரம், பிரேக் குழாய், கடைசியில் அந்த போல்ட். போல்ட் வெளியே வந்ததும் நகத்தால் தடவிப் பாருங்கள். நடுவில் படிபோலத் தட்டுப்பட்டால் ஆட்டம் இருந்திருக்கிறது என்று அர்த்தம். துளையும் முட்டை வடிவமாகியிருக்கும். அதில் புது போல்ட்டை மாட்டிப் பயனில்லை. துளையை ரீமரால் வட்டமாக்கி, அதற்கு இறுக்கமாகப் பொருந்தும் போல்ட்டைத்தான் போட வேண்டும்.

என்னைக் கேட்டால், முக்கியமான வேலை இதற்குப் பிறகுதான். விமானத்தை மட்டமாக நிறுத்தி, மூக்கிலும் வாலிலும் தூக்குக்குண்டு விட்டுத் தரையில் நடுக்கோடு போடுங்கள். சக்கரங்கள் அந்தக் கோட்டுக்கு இணையாக நிற்கின்றனவா என்று அளந்து பாருங்கள். இது போன்ற வால்சக்கர விமானம் தரையில் ஓடும்போது இடப்பக்கம் திரும்பினால் பாரம் வலச்சக்கரத்தில் ஏறும். அந்தச் சக்கரம் உள்நோக்கித் திரும்பியிருந்தால் விமானத்தை இன்னும் இடப்பக்கமே தள்ளும். ஒரு நொடியில் விமானம் சுழன்று சிறகு தரையில் இடிக்கும். நேராக இருக்கலாம், இம்மி வெளிநோக்கியும் இருக்கலாம். உள்நோக்கி மட்டும் இருக்கவே கூடாது. அச்சுக்கும் காலுக்கும் நடுவில் மெல்லிய ஆப்புத் தகடு வைத்துச் சரிசெய்துவிடலாம்.

பிரேக் குழாயில் காற்று நிற்காமல் வெளியேற்றுங்கள். புதுக் காலில் சில முறை இறங்கிய பிறகு, எஞ்சின் மூடியைக் கழற்றி அந்த ஒற்றை போல்ட்டை இன்னொரு தடவை பார்த்துவிடுங்கள்.