ஞாயிறு இரவில் தூக்கம் எங்கே போகிறது?

வாரநாளில் இரவு 12 மணிக்குப் படுத்துக் காலை 7 மணிக்கு எழுகிற ஒருவர், விடுமுறையில் விடியற்காலை 3 மணிக்குப் படுத்து 11 மணிக்கு எழுகிறார் என்று வைத்துக்கொள்வோம். தூக்கத்தின் நடுப்புள்ளி அதிகாலை 3.30-லிருந்து காலை 7 மணிக்குப் போய்விட்டது. மூன்றரை மணி நேர வித்தியாசம். கோடையில் சென்னைக்கும் பிராங்பர்ட்டுக்கும் கடிகாரத்தில் இருக்கும் வித்தியாசமும் அவ்வளவுதான். விமானம் ஏறாமலே வெள்ளிக்கிழமை ஜெர்மனி போய், ஞாயிறு இரவு ஊர் திரும்பப் பார்க்கிறார்.

மூனிக் நகரில் உடல் கடிகாரத்தை ஆராய்ந்த டில் ரோனபெர்க் குழுவினர் 2006-ல் இதற்கு ‘சோஷியல் ஜெட்லாக்’ என்று பெயர் வைத்தார்கள்.

போவது சுலபம், திரும்புவதுதான் பாடு. நம் உடல் கடிகாரத்தின் ஒரு சுற்று சராசரியாக 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடங்கள் நீளம். தாமதமாகப் படுக்கச் சொன்னால் உடனே இசையும், சீக்கிரம் படுக்கச் சொன்னால் முரண்டுபிடிக்கும். ஞாயிறன்று 11 மணி வரை திரையை இழுத்துவிட்டுத் தூங்கியவருக்குக் கடிகாரத்தை முன்னே தள்ளும் காலை வெளிச்சமும் கிடைக்கவில்லை. அன்றிரவு, தூங்கும் நேரத்தை உடலுக்கு அறிவிக்கும் மெலடோனின் சுரப்பு தள்ளிப்போகிறது. புரண்டு புரண்டு படுத்துவிட்டுக் கடைசியில் கை செல்போனைத் தேடுகிறது.

பிள்ளைகள் தாமதமாக எழுவதைச் சோம்பேறித்தனம் என்று பெற்றோர் திட்டுவது பாதி அநியாயம். பருவ வயதில் பின்னால் நகரத் தொடங்கும் இந்தக் கடிகாரம், 20 வயதையொட்டித்தான் மிகவும் தாமதமாக ஓடுகிறது. பிறகு மெல்ல முன்னே வரும்.

சரி, வாரநாளில் சேர்ந்த தூக்கக் கடனை ஞாயிற்றுக்கிழமை தூங்கி அடைத்தால் என்ன? அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகம் 2019-ல் வெளியிட்ட ஆய்வில், வாரநாளில் குறைவாகத் தூங்கி விடுமுறையில் இஷ்டம்போல் தூங்கியவர்களுக்கும், மறுபடி வாரம் தொடங்கியபோது இன்சுலினுக்கு உடல் இசையும் திறன் குறைந்தது.

ஆகவே, கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டியது எழும் நேரத்தைத்தான். விடுமுறையிலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளக் கூடாது. தூக்கம் பற்றவில்லையா, முன்னிரவில் படுக்கலாம். மதியம் இருபது நிமிடம் கண்ணயரலாம். எழுந்ததும் மொட்டைமாடிக்குப் போய் வெயில் படும்படி நிற்பது மாத்திரையைவிட நல்ல யோசனை. மாலைக் காபியை விடுவது நம் ஊரில் கஷ்டம்தான், ஆனாலும் சொல்லியாக வேண்டும்: குடித்து ஐந்து மணி நேரம் ஆன பிறகும் அதன் கஃபீனில் ஏறக்குறைய பாதி உடலிலேயே இருக்கும்.

இதெல்லாம் பகல் வேலைக்காரர்களுக்கு. ஐந்து நாள் நைட் ஷிப்ட் பார்த்துவிட்டு, வீட்டாருக்காகச் சனி, ஞாயிறு மட்டும் பகலில் விழித்திருப்பவரிடம் எழும் நேரத்தை மாற்றாதே என்று சொல்ல முடியாது. அவருடைய ஷிப்ட் அட்டவணையைத்தான் மாற்ற வேண்டும். அது நிர்வாகத்தின் கையில் இருக்கிறது.