அம்மாவின் பொட்டும் நான் படித்த மூன்று புத்தகங்களும்

கடந்த மாதம் வீட்டு அலுமாரியைத் துப்புரவாக்கியபோது, என்னுடைய பல்கலைக்கழகக் காலத்துக் கொப்பி ஒன்று கையில் அகப்பட்டது. ஒரு மூலையைக் கரையான் தின்றிருந்தது. அட்டையில் 'வாசிப்புக் குறிப்புகள்' என்று எழுதியிருந்தேன். அன்றிரவு அதை முழுவதும் வாசித்தேன். சில பக்கங்களை வாசிக்க வெட்கமாக இருந்தது. ஒரு பக்கத்தை வாசித்தபோது அழுகை வந்தது. அதில் இருப்பது என் கதை மாத்திரமல்ல, இதை வாசிக்கும் பலரின் கதையும்தான் என்று தோன்றியதால் இங்கே எழுதுகிறேன்.

நான் வன்னியில் பிறந்தவள். 2009இல் எனக்குப் பத்தொன்பது வயது. அந்த வருடம் மே மாதத்தில் அம்மா, நான், தம்பி மூவரும் மெனிக் பாம் முகாமுக்குப் போய்ச் சேர்ந்தோம். அப்பா வந்து சேரவில்லை. அவரைக் கடைசியாகக் கண்ட இடத்தை அம்மா இன்றும் மரம், மட்டை, பள்ளம் எல்லாம் சேர்த்துச் சொல்லுவார். 2010இல் ஊர் திரும்பி, உயர்தரப் பரீட்சை எழுதிப் பல்கலைக்கழகம் போனேன். சமூகவியலைச் சிறப்புப் பாடமாக எடுத்தேன்.

"இதில் நீ எங்கே?"

எங்களுக்குத் தரப்பட்ட புத்தகங்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் இருந்தன. நாங்களோ தமிழ்மொழி மூலம் படித்து வந்த பிள்ளைகள். அத்தியாயங்களைப் போட்டோக் கொப்பி எடுத்து, நாலு பேர் கூடியிருந்து, அகராதியைப் புரட்டிப் புரட்டிப் படிப்போம். ஒரு பக்கத்துக்கு ஒரு மணித்தியாலம் போகும்.

ஒரு விரிவுரையாளர் மட்டும் எங்களிடம் வித்தியாசமான ஒப்படை ஒன்றைக் கேட்டார். ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு பக்கம் எழுத வேண்டும். அது சுருக்கமாக இருக்கக் கூடாது. அந்தப் புத்தகத்தை வாசித்தபோது உனக்கு என்ன பட்டது, எதை ஏற்கிறாய், எதை ஏற்க மாட்டாய் என்பதைத்தான் எழுத வேண்டும்.

முதல் தடவை நான் வழக்கம்போல ஆசிரியரின் பெயர், ஆண்டு, வரைவிலக்கணம் என்று அழகாக எழுதிக் கொடுத்தேன். கொப்பி திரும்பி வந்தபோது அடியில் சிவப்பு மையில் ஒரே ஒரு வரி இருந்தது: "இதில் நீ எங்கே?"

எனக்குக் கோபம் வந்தது. முதலாம் ஆண்டிலிருந்து புத்தகத்தில் உள்ளதைத் திருப்பிச் சொல்லத்தான் எங்களுக்குப் பழக்கினார்கள். சொந்தக் கருத்தை வெளியே சொல்லாமல் இருப்பதே பாதுகாப்பு என்பதை யுத்தம் பழக்கியது. நீ என்ன நினைக்கிறாய் என்று அதுவரை ஒருவரும் என்னைக் கேட்டதில்லை. கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை.

முதலாவது புத்தகம்: பாவமா, காரணமா?

அமெரிக்கச் சமூகவியலாளர் சி. ரைட் மில்ஸ் 1959இல் எழுதிய நூல் ஒன்றை எங்களுக்குத் தந்தார்கள். சமூகவியல் கண்கொண்டு கற்பனை செய்து பார்ப்பது எப்படி என்பதுதான் அதன் பொருள். தனிமனிதரின் துன்பத்தையும் சமூகத்தின் பிரச்சினையையும் அவர் தொடர்புபடுத்திக் காட்டுகிறார். ஒரு லட்சம் பேர் வாழும் நகரத்தில் ஒருவருக்கு மட்டும் வேலையில்லை என்றால், அவருடைய திறமையையும் குணத்தையும் பார்க்கலாம். ஐந்து கோடித் தொழிலாளர் உள்ள நாட்டில் ஒன்றரைக் கோடிப் பேருக்கு வேலையில்லை என்றால், ஒவ்வொருவரின் குணத்தையும் ஆராய்ந்து பயனில்லை. நாட்டின் அமைப்பைத்தான் ஆராய வேண்டும்.

அம்மா அடிக்கடி, "நான் செய்த பாவம், இப்பிடிக் கிடந்து அனுபவிக்கிறன்" என்று சொல்லுவார். அதை நினைத்துக்கொண்டு கொப்பியில் இப்படி எழுதியிருக்கிறேன்: "எங்கள் ஒழுங்கையில் 14 வீடுகள். 6 வீடுகளில் ஆண்கள் இல்லை. இந்த ஆறு பெண்களும் ஒரே நேரத்தில் ஒரே பாவத்தைச் செய்தார்களா?"

எங்கள் ஒழுங்கை மட்டுமல்ல. இலங்கையின் குடும்பங்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றைப் பெண்தான் தலைமை தாங்குகிறாள் என்று 2016ஆம் ஆண்டின் குடும்ப வருமான செலவின ஆய்வு காட்டியது. இத்தனை பேரின் சுமையை அவரவர் தலைவிதி என்று சொல்லிவிட்டுப் போக முடியாது.

விடுமுறையில் வீட்டுக்குப் போனபோது, பெரிய கண்டுபிடிப்பைச் செய்தவள் போல இதை அம்மாவுக்குச் சொன்னேன். விதி இல்லை அம்மா, யுத்தம்தான் காரணம் என்றேன். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். தலை நிமிராமலே, "விதியில்லை எண்டால் நான் ஆரை நோகிறது, பிள்ளை?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியையும் எழுதி வைத்திருக்கிறேன். அதன் கீழே, "காரணத்தை இந்தப் புத்தகம் காட்டுகிறது. இரவில் நித்திரை கொள்வது எப்படி என்று காட்டவில்லை" என்று இருக்கிறது. அதுதான் நான் உண்மையாக எழுதிய முதலாவது வரி என்று இப்போது நினைக்கிறேன்.

இரண்டாவது புத்தகம்: அழித்து வைக்கும் குறி

இரண்டாம் வருடத்தில் ஏர்விங் கொஃப்மன் 1963இல் எழுதிய நூலை வாசித்தோம். சமூகம் சிலர்மீது வைக்கும் இழிவுக் குறியைப் பற்றியது அது. பண்டைய கிரேக்கர்கள் அடிமைகள், குற்றவாளிகள், துரோகிகள் ஆகியோரின் உடலில் வெட்டியோ சுட்டோ குறி வைத்தார்கள். அந்தக் குறிக்குரிய சொல்லைத்தான் கொஃப்மன் நூலுக்குத் தலைப்பாக எடுத்திருக்கிறார். இழிவு ஒருவரிடம் உள்ள அடையாளத்தில் இல்லை, அந்த அடையாளத்தை மற்றவர்கள் பார்க்கும் விதத்தில்தான் பிறக்கிறது என்பது அவருடைய விளக்கம்.

அதை வாசித்தவுடன் எனக்கு அம்மாவின் நெற்றிதான் நினைவுக்கு வந்தது. "அவர்கள் குறியைச் சுட்டு வைத்தார்கள். நாங்கள் பொட்டை அழித்து வைக்கிறோம்" என்று எழுதினேன்.

ஆனால் எங்கள் வீட்டுப் பிரச்சினை வேறுவிதமானது. அம்மா பொட்டை அழிக்கவில்லை. ஒவ்வொரு நாளும் முழுகிவிட்டுக் குங்குமம் வைப்பார். ஊரில் கதைத்தார்கள். எத்தனை வருசமாயிற்று, இன்னும் ஏன் இந்தக் கோலம் என்றார்கள். உறவுக்காரப் பெண்ணின் கலியாணத்தில் அம்மா ஆராத்தித் தட்டைத் தூக்கப் போனபோது, ஒருவர் வந்து மெதுவாக, "அக்கா, நீங்கள் குசினியைப் பாருங்கோ" என்றார். அம்மா தட்டை வைத்துவிட்டுப் போனார். பொட்டு இல்லாவிட்டால் அமங்கலி, பொட்டு வைத்தால் அடங்காதவள். இரண்டு பக்கமும் அடிதான்.

இங்கேதான் நான் வெட்கப்படும் பக்கம் வருகிறது. அந்தக் காலத்தில் எனக்கும் அம்மாவுக்கும் பெரிய சண்டை. ஒரு வருடத்துக்கு மேல் காணாமல் போயிருப்பவர்களுக்கு மரணச் சான்றிதழ் பெற 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் வழி செய்திருந்தது. அதை எடுத்தால் உதவிகள் கிடைக்கும் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். தம்பியின் படிப்பு, அரைவாசியில் நின்ற வீடு எல்லாவற்றையும் யோசித்து நானும் அம்மாவை நெருக்கினேன். "நான் கையெழுத்து வைச்சால், நானே அவரைச் சாக்காட்டினது மாதிரி" என்று அம்மா சொல்லிவிட்டார். நான் முகம் கொடுத்துக் கதைக்காமலே விடுதிக்குத் திரும்பினேன். வந்து கொப்பியில் எழுதினேன்: "அம்மா தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்கிறார்."

விரிவுரையாளர் அந்த வரியின் கீழே கோடு போட்டு, பக்கத்தில் எழுதியிருந்தார்: "பார்ப்பவர்களின் கண்களில்தான் இழிவு பிறக்கிறது என்று மேலே எழுதியிருக்கிறாய். உன் கண்?"

மூன்றாவது புத்தகம்: முடிவில்லாத இழப்பு

மூன்றாம் வருடத்தில் குடும்பம் பற்றிய பாடத்துக்காக, போலின் பொஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியை 1999இல் வெளியிட்ட நூலை வாசித்தோம். வியட்நாம் யுத்தத்தில் காணாமல் போன படையினரின் குடும்பங்களை அவர் 1970களில் ஆராய்ந்தவர். உடலால் இல்லாமல் மனதில் இருக்கும் ஒருவரை இழப்பதற்கு அவர் 'தெளிவற்ற இழப்பு' என்று பெயர் வைத்தார். மறதி நோயால் ஆளே மாறிப்போனவர்களின் குடும்பங்களும் இதன் மறுபக்கத்தை அனுபவிக்கின்றன என்கிறார். இருக்கிறாரா, இல்லையா என்று தெரியாதபோது துக்கம் உறைந்து நிற்கிறது. செத்தவீடு செய்ய முடியாது, அந்தியேட்டி செய்ய முடியாது, வந்து துக்கம் விசாரிப்பார் இல்லை. இப்படிப்பட்ட பெண்ணிடம் ஏதோ கோளாறு என்று நினைப்பது தவறு, கோளாறு அவள் நிற்கும் நிலைமையில்தான் இருக்கிறது என்பதே அவர் சொல்வது. 'முடிந்தது' என்று ஒப்புக்கொள்ளும்படி அவளை வற்புறுத்துவது ஆறுதல் ஆகாது. வருவார், வராமலும் போகலாம் என்ற இரண்டு நினைப்பையும் ஒன்றாக வைத்துக்கொண்டு வாழ ஒருவரால் முடியும் என்கிறார்.

மூன்று நாள் என்னால் ஒன்றும் எழுத முடியவில்லை. நாலாம் நாள் எழுதியது இது: "அம்மா ஏமாறவில்லை. எங்களுக்குத் தெரியாது என்பதை எங்கள் வீட்டில் ஒப்புக்கொண்ட ஒரே ஆள் அம்மாதான்."

அன்று பின்னேரம் விடுதியிலிருந்து தொலைபேசி எடுத்தேன். "அம்மா, நீங்கள் பொட்டு வையுங்கோ. நான் இனி ஒண்டும் சொல்ல மாட்டன்" என்றேன். அந்தப் பக்கத்தில் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பிறகு, "சாப்பிட்டியோ பிள்ளை?" என்று கேட்டார்.

அந்த நூலை நான் முழுவதாக ஏற்கவில்லை. ஏற்காத இடத்தையும் எழுதியிருக்கிறேன். "மனதைத் தேற்றும் வழியை இந்தப் புத்தகம் சொல்கிறது. ஆனால் எங்களுக்குத் தெரியாதது வேறு யாருக்கோ தெரியும். நாங்கள் பழகிக்கொள்வது அவர்கள் பதில் சொல்லாமல் தப்புவதற்கு வழியாகக் கூடாது." 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சியில் தாய்மார் வீதியோரம் அமர்ந்து தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அதே மாதத்தில் வவுனியாவிலும் தொடங்கியது. அம்மாவும் கிளிநொச்சியில் பல நாள் போய் இருந்தார். பொட்டு வைத்துக்கொண்டுதான் போனார். மனதைத் தேற்றுவதும் நீதி கேட்பதும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல என்பதை அவரைப் பார்த்தே விளங்கிக்கொண்டேன்.

தெரிந்துகொள்ள வேண்டியது

2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தின்படி, மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, ஆளைக் காணவில்லை என்பதை மட்டும் பதிவுசெய்யும் சான்றிதழைப் பெறலாம். சமூக நலன் உதவிகளுக்கு விண்ணப்பிக்கவும், காணாமல் போனவரின் சொத்துகளைப் பராமரிக்கவும், பிள்ளைகளின் பாதுகாவலர் பொறுப்பைக் கோரவும் அது உதவும். அதைப் பெறுவதால் அவர் இறந்துவிட்டார் என்று நீங்கள் ஒப்புக்கொண்டதாக ஆகாது. தேடுதலும் விசாரணையும் அதனால் நின்றுவிடக் கூடாது. மேலதிக விபரங்களைப் பிரதேச செயலகத்தில் கேட்டறியலாம். எடுப்பதும் எடுக்காமல் விடுவதும் உங்கள் தீர்மானம். யாரும் உங்களை அவசரப்படுத்த இடம் கொடுக்க வேண்டாம். நான் அந்தப் பிழையைச் செய்தவள்.

அம்மா 2018இல் அதை எடுத்தார். இரண்டு தரம் வாசித்துப் பார்த்துவிட்டு, "இது பொய் சொல்லேல்லை" என்று சொல்லி, அப்பாவின் படத்துக்குப் பின்னால் வைத்தார்.

அம்மாவின் பக்கம்

கொப்பி கிடைத்த மறுநாள் அதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஏமாற்றிக்கொள்கிறார் என்று எழுதிய இடத்தையும் மறைக்கவில்லை. அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் சொன்னார்: "என்னைப் பற்றி இவ்வளவு எழுதியிருக்கிறாய். என்னட்டை ஒரு நாளும் கேக்கேல்லையே."

உண்மைதான். புத்தகங்களிடம் கேட்டேன், என்னிடம் கேட்டேன், அம்மாவிடம் கேட்கவில்லை. "இதில் நீ எங்கே?" என்ற கேள்வி எனக்குக் கிடைத்த பெரிய கொடை. அதை நான் எனக்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.

இப்போது எங்கள் பெண்கள் குழுக்களில் நான் ஒரு சிறு வழக்கத்தைத் தொடங்கியிருக்கிறேன். ஒரு கதையையோ பத்திரிகைக் கட்டுரையையோ சத்தமாக வாசிப்பேன். கருத்துரை சொல்ல மாட்டேன். வட்டமாக இருக்கும் ஒவ்வொருவரிடமும் "உங்களுக்கு என்ன பட்டது?" என்று கேட்பேன். முதல் நாள் எல்லோரும் நிலத்தைப் பார்த்தார்கள். மூன்றாவது கூட்டத்தில் ஓர் அம்மா, "இந்தக் கதையில வாறவ செய்தது பிழை" என்று துணிந்து சொன்னார். அன்று கூட்டம் முடிய நெடுநேரம் ஆனது.

சகோதரிகளே, உங்கள் பிள்ளை பாடசாலையிலோ பல்கலைக்கழகத்திலோ படிக்கும் புத்தகத்தை ஒரு நாள் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். எனக்கு விளங்காது என்று ஒதுங்க வேண்டாம். உங்களுக்குப் பட்டதைச் சொல்லுங்கள். எழுதத் தெரியாவிட்டால் பிள்ளை எழுதட்டும். மாணவிகளே, நீங்களும் எழுதுவதற்கு முன்னர் வீட்டில் ஒரு தரம் கேளுங்கள்.

என் கொப்பியில் கடைசியில் ஐந்து வெற்றுப் பக்கங்கள் இருந்தன. அவற்றை அம்மாவிடம் கொடுத்தேன். இதுவரை ஒரு பக்கம் எழுதியிருக்கிறார். அதில் என்ன இருக்கிறது என்று நான் இங்கே எழுதப் போவதில்லை. அது அவருடைய பக்கம்.